நீலத்தைக் கொஞ்சம் ஏற்று

பிப்ரவரி 4

வணக்கம்.

"அன்புள்ள" என்று தொடங்கலாமா வேண்டாமா என்று யோசித்தே அரைமணி நேரம் போய்விட்டது. அதனால் வெறும் வணக்கம்.

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அவசியமானதை மெயிலில் எழுதிக்கொள்வோம் என்று நாம் ஒப்புக்கொண்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதுவரை நான் அநாவசியமாக ஒரு வரி எழுதியதில்லை. இது அவசியம். நீங்கள் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் நேற்று போய்விட்டது. "டப்" என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாசனை. உங்கள் அப்பா ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். நல்ல வேளை, நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

எனக்கு வேலை கொடுக்கும் ஸ்டூடியோக்காரர் இந்தத் தடவை ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஆல்பம் ஆர்டர் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்படம், வகுப்புக்கு ஒரு குழுப்படம். மாதக் கடைசியில் படங்கள் திருத்த என் கைக்கு வந்துவிடும். கையில் மெஷின் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையில் போய்க் கேட்டால், உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் ஒரு பெட்டியைக் காட்டி, "மேடம், இதுல எல்லாம் பறக்கும்" என்கிறார். எனக்குப் பறக்க வேண்டாம். நிறம் சரியாகத் தெரிந்தால் போதும்.

என்ன வாங்கட்டும் என்று எழுதுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, மாமா கேட்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (இன்னும்)


பிப்ரவரி 6

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இரண்டு வருடத்துக்குப் பிறகு நீண்ட கடிதம் வந்திருக்கிறதே என்று ஆசையாகத் திறந்தால், பவர் சப்ளை செத்த செய்தி. பரவாயில்லை. அது செத்ததால்தானே எழுதினாய். அதன் ஆத்மா சாந்தியடையட்டும்.

விளக்கு எரியும் பெட்டியைத் தொடாதே. அது விளையாடுகிறவர்களுக்குக் கட்டியது. படம் திருத்துகிற வேலைக்கு வேண்டியது வேறு. பிராசஸர் நல்லதாக இருக்கட்டும், உச்சத்தில் இருப்பது வேண்டாம், அதற்கு ஒரு படி கீழே. ரேம் முப்பத்திரண்டு ஜிபிக்குக் குறையவே கூடாது. ஒரு முகத்துக்கு நீ எத்தனை லேயர் போடுவாய் என்று எனக்குத் தெரியாதா? எஸ்.எஸ்.டி இரண்டு போடு, ஒன்று மென்பொருளுக்கு, இன்னொன்று கையில் இருக்கும் படங்களுக்கு. முடிந்த படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே தூங்கட்டும். கிராபிக்ஸ் கார்டு நடுத்தரம் போதும். கடைக்காரர் அதில்தான் உன் தலையில் மிளகாய் அரைக்கப் பார்ப்பார், விட்டுக்கொடுக்காதே.

அதில் மிச்சம் பிடித்ததை எல்லாம் மானிட்டரில் போடு. ஐ.பி.எஸ் பேனலாக இருக்க வேண்டும், அச்சுக்குப் போகும் நிறங்களை முழுதாகக் காட்டுவதாக இருக்க வேண்டும். கூடவே ஒரு காலிபரேட்டரும் வாங்கு. எலி மாதிரி இருக்கும், ஸ்கிரீன் மேல் தொங்கவிட்டால் நிறத்தை அளந்து சொல்லிவிடும். உன் கண்ணை நம்பாதே என்று நான் சொன்னால் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன்.

லேப்டாப் வேண்டவே வேண்டாம். அதே விலைக்குப் பாதி வேகம், சின்ன ஸ்கிரீன், கொஞ்ச நேரத்தில் அடுப்பாகச் சுடும். ஊர் ஊராக அலைகிறவர்களுக்குத்தான் அது. நீ எங்கே போகப்போகிறாய்?

நான் நன்றாக இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல். சர்வர் ஹாலில் வேலை, எப்போதும் குளிர், மெஷின்களுக்குச் சளி பிடிக்கக் கூடாதல்லவா. சாப்பாடு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறேன். ஆசைப்பட்டபடி ஒல்லியாகிவிட்டேன்.

திருப்புளி


பிப்ரவரி 12

அன்புள்ள திருப்புளி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "யாரு மேடம் இதெல்லாம் எழுதிக் குடுத்தது? தெரிஞ்சவரு போல" என்றார் கடைக்காரர். "தெரிஞ்சவர்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கருப்புப் பெட்டி, ஒரு விளக்கும் இல்லை. சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஓடுகிறதா என்று பார்க்க மாமா அடிக்கடி அதன்மேல் கை வைத்துப் பார்க்கிறார். "செத்துப் போச்சாம்மா?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறார். மானிட்டர் பெரிது, மேசையில் பாதியை அடைத்துக்கொண்டது.

காலிபரேட்டர் வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடம் கண்ணால்தான் வேலை செய்தேன். எனக்கு வேண்டியது ஒரு எலி இல்லை, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகம். ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில் விளக்கு சரிபார்க்க ஆள் கிடைக்காதபோதெல்லாம் உங்களைத்தானே பிடித்து உட்கார வைத்தேன்? உங்கள் நெற்றி எந்த நிறம், கன்னம் எந்த நிறம், மூக்கோரத்துச் சிவப்பு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் படங்கள் எல்லாம் பழைய டிஸ்க்கில் இருக்கின்றன, அந்த "டப்"பில் அதுவும் அடிபட்டுவிட்டது, அதிலிருந்து மீட்டெடுக்க ஒரு மாதம் ஆகும் என்கிறார் கடைக்காரர். அதனால் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பல்பு வெளிச்சம் வேண்டாம், ஜன்னலோரம். கேமராவிலிருந்து வந்தபடியே, ஒன்றும் திருத்தாமல். போகும்போது எடுத்துப் போனீர்களே, அந்தக் கேமராவுக்கும் ஒரு வேலை ஆகட்டும்.

இது வேலைக்காகக் கேட்பது. வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பெல்ட்டில் ஓட்டை போடும் அளவுக்கு ஒரு மனிதன் ஏன் இளைக்கிறான்? ஒத்துக்கொள்ளாத சாப்பாடு என்றால் சமைப்பவரிடம் சொல்ல வேண்டியதுதானே? எனக்கு இதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறேன் என்பீர்கள். அதனால்தானே எனக்கு இந்தப் பெயர் வைத்தீர்கள்.

பூதக்கண்ணாடி


பிப்ரவரி 15

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

படம் இணைத்திருக்கிறேன். என் அறையில் ஒரே ஒரு பல்பு, அதுவும் மஞ்சள். நீ சொன்னபடி அதை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூடத் தங்கியிருக்கும் சமையல்காரர்தான் எடுத்தார். "அண்ணே, கொஞ்சம் சிரிங்க. அண்ணி பாக்கப் போறாங்க இல்ல?" என்றார். "அவ சிரிப்பைப் பாக்கமாட்டா, தோலைத்தான் பாப்பா" என்றேன். படத்தில் நான் சிரிக்கிற மாதிரி இருந்தால் அதற்குத்தான் சிரித்தேன். சட்டை வேலைச் சட்டை, வேறு துவைத்தது இல்லை.

உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று எழுது.

தண்ணீர் மாற்றம் போலிருக்கிறது, உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. குளிர் காலத்தில் எல்லோருக்கும் வருவதுதான்.

திருப்புளி


பிப்ரவரி 17

அன்புள்ள திருப்புளி அவர்களுக்கு,

மோசம் போனோம். மானிட்டர் சரியில்லை.

உங்கள் படத்தைத் திறந்ததும் திக்கென்றது. முகம் முழுக்க மஞ்சள். நெற்றி, கன்னம், கண்ணின் வெள்ளை, எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய மஞ்சள் ஏறியிருக்கிறது. முந்நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கண் ஓரம் மூக்கு ஓரம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். எங்கும் அதே மஞ்சள். மூக்கோரத்துச் சிவப்பு இருந்த இடமே தெரியவில்லை. வேறு எதையாவது திறந்தால் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கண் எதற்கும் பழகிக்கொள்ளும், அதை நம்பக் கூடாது என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது உங்கள் முகம் ஒன்றுதான். அது தப்பாகத் தெரிகிறது என்றால் ஸ்கிரீன்தான் தப்பு.

மானிட்டரின் செட்டிங்கை எல்லாம் கடையிலிருந்து வந்த நிலைக்கு மாற்றிப் பார்த்தேன். இரவு வெளிச்சம் என்று ஒன்று இருக்குமே, அதுவும் அணைந்துதான் இருக்கிறது. இனி என்ன பார்க்க? இருந்த பணத்தை எல்லாம் இதில் போட்டாயிற்று. உடனே எழுதுங்கள்.

பூதக்கண்ணாடி


பிப்ரவரி 17

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

திருப்பிக் கொடுத்துவிடு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் பேனலுக்குப் பேனல் வித்தியாசம் இருக்கும். சில பேனல் பிறக்கும்போதே மஞ்சளாகத்தான் பிறக்கும். பில் கையில் இருக்கிறதல்லவா? வேறு கம்பெனி மானிட்டராகக் கேள். கடைக்காரர் முரண்டு பிடித்தால் என் பெயரைச் சொல்லி எனக்குப் போன் போடச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

பயப்படாதே. ஸ்கிரீன்தான். வேறொன்றும் இல்லை.

திருப்புளி


பிப்ரவரி 25

அன்புள்ள திருப்புளி அவர்களுக்கு,

இரண்டாவது மானிட்டரும் மஞ்சள்.

கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். கேபிளை மாற்றினார். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வேறொன்றைப் போட்டார். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினார். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மேடம், என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஸ்கிரீனப் பாத்ததில்ல. உங்களுக்கு மட்டும்தான் மஞ்சளாத் தெரியுது. எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார். உங்கள் படத்தைக் காட்டி, "இவருடைய நிறம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாதே" என்றார். "அப்ப பேசாதீங்க" என்றேன். பாவம், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துப் படங்கள் வந்துவிட்டன. ஸ்டூடியோக்காரர் தினமும் போன் செய்கிறார். ஒரு வேளை என் கண்தான் போய்விட்டதோ என்றுகூடப் பயமாக இருக்கிறது. கண் போனால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு என்ன தெரியும்?

இன்னொன்று. நான் உங்கள் படத்தைத் திறந்து வைத்திருந்தபோது மாமா பின்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவன் ஏன் இப்படி இளைச்சுட்டான்?" என்றார். நான் நிறத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் கன்ன எலும்பு தெரிகிறது. உண்மையைச் சொல்லுங்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பூதக்கண்ணாடி


பிப்ரவரி 26

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

உன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கவலையை முதலில் விடு. உன் கண் சரியாகத்தான் இருக்கிறது.

எனக்கும் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு நான் எப்போதும் இளைத்துத்தான் தெரிவேன். தொண்ணூறு கிலோ இருந்தபோதும் அவர் இதையேதான் சொன்னார்.

வேலை தாமதமாகக் கூடாது. மானிட்டரை மறுபடி மாற்றிக்கொண்டு அலையாதே. பின்னால் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவு வரும். நீலத்தைக் கொஞ்சம் ஏற்று. என் முகம் சரியாகும் வரை ஏற்றிக்கொண்டே போ. சரியானதும் நிறுத்திவிட்டு வேலையைப் பார்.

திருப்புளி


மார்ச் 1

அன்புள்ள உங்களுக்கு,

நீங்களா இப்படி எழுதினீர்கள் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கண்ணளவில் மானிட்டரைத் திருகுகிறவர்களைக் கண்டால் உங்களுக்கு ஆகவே ஆகாதே. ஒரு தடவை நான் ரேடியோ மாதிரி திருகுகிறேன் என்று மூன்று நாள் பேசாமல் இருந்தவர் நீங்கள். வயதானால் மனிதர்கள் இளகுவார்கள் போலிருக்கிறது.

சொன்னபடியே செய்தேன். நீலத்தை ஏற்ற ஏற்ற நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தீர்கள். நெற்றி வந்தது. கன்னம் வந்தது. ஒரு கட்டத்தில் மூக்கோரத்துச் சிவப்பு வந்தது பாருங்கள், அங்கேயே நிறுத்திவிட்டேன். வேலையைத் தொடங்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமாகத்தான் பார்க்க உட்கார்ந்தேன், கோபம் வரவில்லை. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிள்ளைகளின் படங்கள் முதலில் எல்லாம் நீலம் பாய்ந்து வெளிறித் தெரிந்தன. ஒவ்வொன்றாக மஞ்சள் கூட்டிச் சூடேற்றிச் சரிசெய்கிறேன். மெஷின் நன்றாக உழைக்கிறது. ஒரு வகுப்பைத் திறந்தால் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கிறது. நீங்கள் சொன்ன முப்பத்திரண்டு ஜிபியும் வீண்போகவில்லை. மாமா அதன்மேல் கை வைப்பதை நிறுத்திவிட்டார்.

அரிப்புக்கு ஏதாவது போட்டீர்களா?

பூதக்கண்ணாடி


மார்ச் 13

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து டாக்டரிடம் போங்கள். எனக்குப் பதில் எழுத உட்காராதீர்கள்.

ஆல்பம் அச்சாகி வந்தது. அவசரத்தில் மாதிரி அச்சு எடுத்துப் பார்க்காமல் மொத்தமாக அனுப்பிவிட்டோம். இன்று காலை ஸ்டூடியோக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். போனதும் ஒரு கட்டுப் படங்களை எடுத்து மேசையில் விசிறிப் போட்டார். "என்னம்மா இது? பள்ளிக்கூடத்துக்கே மஞ்சக்காமாலையா?" என்றார். அவர் கோபத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் அந்தப் படங்களைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகள் முகத்திலும் ஒரே மஞ்சள். எனக்குத் தெரிந்த மஞ்சள். அந்தக் கண்ணை, அந்த நெற்றியை நான் பதினைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மஞ்சளை நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கே பூசியிருக்கிறேன்.

ஸ்டூடியோவில் ஒரு காலிபரேட்டர் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். ஏற்றிய நீலத்தை இறக்கிப் பழையபடி வைத்து, அளந்து பார்த்தேன். மானிட்டரில் ஒரு தப்பும் இல்லை. ரொம்பச் சரியாக இருக்கிறது என்று அந்த எலி சொல்கிறது. நான் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேனே, அந்த முதல் மானிட்டரிலும் ஒரு தப்பும் இருந்திருக்காது.

பிறகு உங்கள் படத்தைத் திறந்தேன். இந்தத் தடவை பெரிதாக்காமல் முழுப்படத்தையும் பார்த்தேன். இத்தனை நாளில் நான் அதை ஒரு தரம்கூட முழுசாகப் பார்க்கவில்லை. முகத்திலேயே மேய்ந்துகொண்டிருந்திருக்கிறேன். கீழே, விளிம்போரமாக, உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை தெரிகிறது. அது பளிச்சென்று வெள்ளை. அதற்கு மேலே, அதே வெளிச்சத்தில் இருக்கும் உங்கள் கண் வெள்ளையாக இல்லை.

சாப்பாடு பிடிக்கவில்லை என்றீர்கள். அரிப்பு என்றீர்கள். பெல்ட்டில் ஓட்டை என்றீர்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். என்னை என்ன சொல்ல?

அறையில் இருக்கும் அந்த மஞ்சள் பல்புக்கு அடியில் பார்க்காதீர்கள். வெளியே வெயிலில் போய், ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு நேராகப் போங்கள். மழுப்பாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பூதக்கண்ணாடி


மார்ச் 15

ஏன் பதில் இல்லை?

எழுத உட்காராதீர்கள் என்று நான்தான் சொன்னேன். ஆனால் ஒரு வரி எழுதக் கூடாதா? நம் ஒப்பந்தத்தை மீறி நேற்று மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்று சமையல்காரர் எடுத்தார். "அண்ணன் காலையிலயே எங்கயோ கிளம்பிட்டாங்க அண்ணி. போனை வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார். "அவர் கண்ணு மஞ்சளா இருக்கா?" என்று கேட்டேன். "நான் சொன்னா கேக்கமாட்டேங்கிறாங்க அண்ணி" என்றார்.

மாமாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறேன். அவர் என்னையே பார்க்கிறார்.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.


மார்ச் 18

என் அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். 15ஆம் தேதி காலை போனவனை வெளியே விடவில்லை. போனை இன்றுதான் சமையல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உன் முதல் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன், இரண்டாவதை இப்போதுதான் படித்தேன்.

பித்தம் இறங்குகிற குழாயில் அடைப்பாம். அதனால்தான் மஞ்சளாம். கல்லாக இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கல் இல்லையென்றால் பிறகு பேசுவோம் என்கிறார் டாக்டர். என்ன பேசுவோம் என்று நான் கேட்கவில்லை. 24ஆம் தேதி உள்ளே குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். "இன்னும் லேட் பண்ணியிருந்தா கஷ்டம். யார் உங்களை இங்க அனுப்பினது?" என்று கேட்டார். "போட்டோ டச்சப் பண்றவங்க" என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை.

இனி நான் மறைக்கவில்லை. எனக்கு ஜனவரியிலேயே சந்தேகம். கண்ணாடியில் பார்ப்பேன், பல்பு மஞ்சள், அதனால்தான் என்று சொல்லிக்கொள்வேன். நீ படம் கேட்டபோது ஜன்னலோரம் உட்கார்ந்தது நீ சொன்னதற்காக மட்டும் இல்லை. நீ பார்த்துவிட்டுச் சொல்வாய் என்றுதான். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? ஆனால் நீ "மானிட்டர் சரியில்லை" என்று எழுதியதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பேனல்தான் என்று எழுதும்போதே அது பேனல் இல்லை என்று எனக்குத் தெரியும். நல்ல மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அதுவும் மஞ்சள் என்றாய். நீலத்தை ஏற்று என்றேன். இத்தனை வருடம் இந்த வேலை செய்தவன், தெரிந்தே ஒரு நல்ல மெஷினைக் கெடுக்கச் சொன்னேன். நீ "திரும்பி வந்தீர்கள்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது.

உன் வேலையைக் கெடுத்துவிட்டேன். பிள்ளைகளின் படங்களை உட்கார்ந்து சரிசெய். நீ கிளம்பி வராதே. அப்பாவை யார் பார்ப்பது? மெஷின் அங்கே இருக்கிறது, நீ இங்கே வந்து என்ன செய்வாய்? 24ஆம் தேதி முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்று கிளம்பும்போது, "உன் கண்ணுக்கு நான் ஒரு நாளும் சரியாத் தெரியமாட்டேன்" என்று கத்தினேனே. அதை மறந்துவிடு.

உன்
திருப்புளி


மார்ச் 20

என் அன்புள்ள திருப்புளிக்கு,

மறக்கமாட்டேன். நீங்கள் சொன்னது உண்மைதான். என் கண்ணுக்கு நீங்கள் இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் கிளம்பிவிட்டேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். அழுவார் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து உங்கள் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்து, "அங்க குளிராம், இதைக் குடு" என்றார். அப்புறம்தான் அழுதார். உங்கள் தங்கை நாளை காலை வந்துவிடுவாள், நான் திரும்பும் வரை அவரோடு இருப்பாள். அவளும் உங்களைத் திட்டக் காத்திருக்கிறாள்.

மெஷினைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெட்டியையும் மானிட்டரையும் ஸ்டூடியோக்காரரிடம் விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவரிடம் நடந்ததைச் சொன்னபோது நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் ஏதோ கோவத்துல சொன்னேம்மா" என்று பத்து தடவை சொன்னார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றேன். பிள்ளைகளின் படங்களைத் திருத்திக் கொடுக்க ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார். மறு அச்சுச் செலவு ஆளுக்குப் பாதி.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து, "மேடம், இப்ப என்ன நிறம்?" என்றார். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் லேப்டாப் கேட்டேன்.

ஆமாம், லேப்டாப். வேண்டவே வேண்டாம் என்று எழுதியவர் இப்போது வாயை மூடிக்கொண்டு படியுங்கள். ரேம் முப்பத்திரண்டுதான், அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எஸ்.எஸ்.டி ஒன்றுதான், மற்றதைத் தனியாக வயரில் மாட்டிக்கொள்ளலாம். ஸ்கிரீன் சின்னது. நிறம் பெரிய மானிட்டர் அளவுக்கு இல்லை, அதனால் ஸ்டூடியோவிலிருந்து அந்த எலியையும் இரவல் வாங்கி வருகிறேன். சூடாகும் என்கிறார் கடைக்காரரும். ஆகட்டும், அங்கே குளிர்தானே. எடை இரண்டு கிலோ. மடியில் வைக்கலாம், ஆஸ்பத்திரி ஸ்டூலில் வைக்கலாம். நீ எங்கே போகப்போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதாமலே விட்டிருந்தேன்.

நாளை மாலை ரயில். 22ஆம் தேதி இரவுக்குள் வந்துவிடுவேன். 24ஆம் தேதி அவர்கள் குழாய் விட்டுப் பார்க்கும்போது நான் வெளியே உட்கார்ந்து நாலாம் வகுப்புப் பிள்ளைகளைச் சரிசெய்துகொண்டிருப்பேன். சும்மா உட்கார என்னால் முடியாது. கல்லாகத்தான் இருக்கும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆசைப்பட்டதை எல்லாம் உண்மை என்று எழுதிக்கொண்டே போய்த்தான் நாம் இரண்டு பேரும் ஒரு மாதத்தைத் தொலைத்தோம். அதனால் எழுதவில்லை. என்னவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். நான் அங்கே இருப்பேன்.

அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நர்ஸிடம் சொல்லி ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உங்கள்
பூதக்கண்ணாடி